ஒன்பதாயிரம் லீரா அடுப்பு

அந்த அடுப்பின் விலை ஒன்பதாயிரம் லீரா. இன்றைய கணக்கில் ஐந்து யூரோகூடத் தேறாது. ஒரு கோப்பியும் அரன்சீனா என்ற பொரித்த சோற்றுருண்டை ஒன்றும் வாங்கினால் சில்லறைதான் மிஞ்சும். பல்லாரோச் சந்தையில் பழஞ்சாமான் விற்றவன் பதினாலாயிரம் கேட்டான் என்றும், தலைவர் அம்பலவாணர் வேண்டாம் என்று இரண்டு தரம் திரும்பி நடந்து ஒன்பதுக்கு இறக்கினார் என்றும் இத்தாலியின் பலெர்மோத் தமிழர் ஒன்றியத்தின் ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் சொல்வார்கள். சொல்லும்போதே முன்வரிசைப் பழைய ஆட்கள் மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுவார்கள். லீரா போய்விட்டது. விற்றவனும் போய்விட்டான். அடுப்பு மட்டும் இருந்தது. வியாழக்கிழமை காலை அதுவும் போய்விட்டது.

பித்தளை வயிறும் மூன்று கால்களும் கொண்ட மண்ணெண்ணெய் அடுப்பு அது. நாற்பது வருடத்துக்கு முன் ஊரிலிருந்து முதலில் வந்த எட்டுப் பேரும் ஓர் அறையில் முடங்கிக் கிடந்த காலத்தில் சோறு, தேத்தண்ணீர், குளிருக்குக் கணகணப்பு எல்லாமே அதன் தயவு. ஒருவர் வேலையால் வரப் பிந்தினால் மற்ற ஏழு பேரும் அதைச் சுற்றியிருந்து சாப்பிடாமல் காத்திருப்பார்களாம். இப்போது ஒரே வீட்டில் நாலு பேர் நாலு நேரத்தில் சாப்பிடுகிறார்கள். அதனால்தானோ என்னவோ, அந்த அடுப்பின் பேச்சு வந்தால் யாரும் பாதியில் எழுந்து போவதில்லை.

ஒன்றியத்தில் கட்சி இரண்டு. அடுப்பைச் சின்னமாக வைத்திருப்பது அடுப்பு அணி. மற்றது படகு அணி. அது எந்தத் தேர்தலிலும் கரை சேர்ந்ததில்லை. ஆகவே தலைவர் தேர்தல் என்பது ஒரு சடங்கு. அதற்கு முன்னால் அடுப்பு அணி தன் வேட்பாளரைத் தெரிவு செய்ய நடத்தும் முன்தேர்தல்தான் உண்மையான சண்டை. அம்பலவாணர் தலைமைப் பதவியிலிருந்து விலகும் இந்த வருடம் அந்தச் சண்டையின் பெயர் ஜசிந்தன்.

ஜசிந்தன் போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவன். "நேற்று வந்தவன்" என்பார்கள். அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய நேற்று. அவனுக்கு எதிரே நின்றவர் விக்னராஜா, யாழ்ப்பாணத்தார், முதல் எட்டுப் பேரில் ஒருவர். அணி நடுவால் பிளந்து கிடந்தது. ஒரு கலியாண வீட்டில் சோற்றுப் பந்தியே இரண்டாகப் போனது. அடுப்பை இரும்புக்கடைக்குப் போடச் சொன்னான் ஜசிந்தன் என்று ஒரு கதையும் சுற்றியது. வாக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அடுப்பைக் காணவில்லை. யார் எடுத்தது என்று கேட்கவே ஆள் இல்லை. எல்லோருக்கும் முதலே தெரிந்திருந்தது.

றெஜிக்கும் தெரிந்திருந்தது. பல்லாரோவில் குகனேஸ்வரியின் பலசரக்குக் கடைக்கு மூன்று சில்லு வண்டி ஓட்டுபவன் றெஜி. வயது முப்பத்தெட்டு. பகேரியாவுக்கு அரிசி மூட்டை, பிரான்காச்சோவுக்குத் தேங்காய் என்று இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து சில்லுக்கு மேலேதான் சீவியம். துப்பறிவதில் அவனுக்குத் தீராத ஆசை. முடிவுக்கு வருவதில் அதைவிடத் தீராத அவசரம். குகனேஸ்வரி அப்படியல்ல. யாழ்ப்பாணப் பெரிய கடையில் புடவை வியாபாரம் செய்த வீட்டில் பிறந்தவள். வாங்க வந்தவன் விலையைச் சொல்லும்வரை தன் வாயைத் திறக்காத பழக்கம் அவளுக்கு இரத்தத்தில் இருந்தது. கலியாண மண்டபத்தில் தொலைந்த சங்கிலி, பேருந்தில் விட்ட கடவுச்சீட்டு, வீட்டை விட்டுப் போன மாப்பிள்ளை என்று எது காணாமல் போனாலும் சனம் குவெஸ்தூராவுக்குப் போவதற்கு முன் குகா அக்காவிடம்தான் வரும். பொலிசாரிடம் போனால் முதலில் கடதாசி கேட்பார்கள். குகா அக்கா தேத்தண்ணீர் வேணுமா என்று கேட்பாள்.

வெள்ளிக்கிழமை காலை கடையில் அருளம்மா நின்றாள். அம்பலவாணரின் மனைவி. அறுபத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, முழங்கால் இரண்டிலும் கட்டு.

"பழம்புளி ஒரு கட்டி தா பிள்ளை. கறுத்ததாப் பாத்துத் தா."

"என்ன அருளக்கா, ஐயாவின்ரை வயித்துப் புண் மாறீட்டுதோ? புளி வாசமே அந்த வீட்டுக்குள்ளை போகக்கூடாது எண்டு சொன்னனீங்கள்."

"அவருக்கில்லையடி. வேறை அலுவல்" என்று சிரித்துவிட்டு அருளம்மா இழுக்கும் பையை உருட்டிக்கொண்டு போனாள்.

அவள் போகும்வரை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற ஒருத்தி அப்போதுதான் வெளியே வந்தாள். ஜசிந்தனின் மனைவி பிரேமினி. கண் வீங்கியிருந்தது.

"அக்கா, சிஞோரா இவரிட்டை இருந்து திறப்பைத் திருப்பி வாங்கிப்போட்டா."

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த றெஜிக்கு, வேலை வீட்டு எசமானி சாவியைத் திருப்பி வாங்கியது பெரிய விஷயமாகப் படவில்லை. குகனேஸ்வரியின் கை மட்டும் அப்படியே நின்றது.

"என்ன சொல்லி வாங்கினவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஒரு கிழமை லீவிலை நில்லு, திறப்பைத் தந்திட்டுப் போ எண்டாவாம். எட்டு வருசமா லிபெர்த்தாத் தெருவிலை இவர் வேலை செய்யிற அந்த வீட்டுத் திறப்பு இவற்ரை இடுப்பிலை கிடந்தது. சங்கத்திலை களவெடுத்தவர் எண்டு கீழ்வீட்டிலை வேலை செய்யிற எங்கட ஆள்தான் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கு. தேர்தலிலை தோத்தாத் தோக்கட்டும் அக்கா. வேலை போனால் ஐப்பசியிலை வதிவிட பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க எதைக் காட்டுறது? பிள்ளையள் ரெண்டும் இஞ்சை பள்ளிக்கூடம் போகுதுகள்."

குகனேஸ்வரி அவளை ஸ்டூலில் இருத்தி, தேத்தண்ணீரைக் கையில் கொடுத்தாள். தன் கதை சொல்லித்தான் ஆளை ஆற்றுவது அவள் வழக்கம்.

"எனக்கு முதல் திறப்புக் கிடைக்க ஒரு வருசம் பிடிச்சது, தெரியுமோ? முதல் நாளே சிஞோரா என்னைக் கலைக்கப் பாத்தவ. ஊரிலை பித்தளைச் செம்பு மினுக்கிற மாதிரி நினைச்சு அவவின்ரை மாபிள் தொட்டியைத் தேசிக்காய் போட்டுத் தேய்ச்சுப்போட்டன். தலையிலை கை வைச்சுக் கத்தினா. அந்தக் காலத்திலை வந்த எல்லாரும் ஒவ்வொரு தரம் வாங்கின பேச்சுத்தான் அது. பிறகு ஒருநாள், ஒண்டும் பேசாமல், மேசையிலை திறப்பை வைச்சா. நான் அண்டைக்கு பஸ்ஸிலை வரேக்கை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கொண்டு வந்தனான். தாலிக்குக்கூட நான் அப்பிடிக் காவலிருக்கேல்லை."

பிரேமினி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"அழாதை. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ளை பாப்பம். றெஜி, வண்டியை எடு."

*

ஒன்றியத்தின் மண்டபம் பழைய நகரில் ஒரு மாளிகையின் கீழ்த்தளம். யாரோ ஒரு பிரபு குடித்தழித்த வீடு. கூரையில் சிறகு உதிர்ந்த தேவதைகள், சுவரில் முதல் பொங்கல், முதல் கரப்பந்தாட்டக் கிண்ணம், சாந்தா ரொசாலியா மலைக்கு வெறுங்காலோடு ஏறிய முதல் கூட்டம் என்று வரிசையாகப் படங்கள். நிறம் மங்கிய ஒரு படத்தில் எட்டு இளைஞர்கள் அகலக் காற்சட்டையோடு நின்றார்கள். நடுவில், எட்டுக் கணக்கில் சேராமல் குந்தியிருந்த ஒரே பெண்ணின் முன்னால், அடுப்பு. அந்தப் பெண் அருளம்மா. அந்த வயதில் அவள் இவ்வளவு அழகாக இருந்தாள் என்பதை றெஜி அன்றுதான் கவனித்தான்.

அடுப்பு இருந்த இடம், எரியாத குளிர்காய் அடுப்பின் மேல் உள்ள வெண்ணிற மாபிள் தட்டு. பல வருடமாக அதில் பதிந்திருந்த கரி வளையத்தைக் காணவில்லை. தட்டு துடைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஜசிந்தன் சனிக்கிழமைகளில் மண்டபம் துடைக்கும் மஞ்சள் துணி நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"கதவு உடையேல்லை" என்றான் றெஜி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "திறப்பு மூண்டு பேரிட்டை. தலைவர் அம்பலவாணர், உபதலைவர் விக்னராஜா, செயலாளர் ஜசிந்தன். எடுத்த ஆள் எடுத்திட்டுச் சும்மா போகேல்லை, துடைச்சிட்டுப் போயிருக்கு. துடைக்காமல் இருக்கேலாத கை ஆற்ரை? பிரேமினி பாவம் அக்கா, ஆனா..."

"குப்பை வாளியைப் பார்."

மூலைச் சமையலறையின் வாளியில் பிழிந்த எலுமிச்சைப் பாதிகள் கிடந்தன. மேலே கூடையில் இன்னும் நாலைந்து முழுசாக இருந்தன.

"களைச்சுப்போய்த் தேசிக்காய்த் தண்ணி குடிச்சிருக்கிறான்" என்றான் றெஜி.

"கிளாஸிலை எல்லாம் தூசியெல்லோ கிடக்குது."

குகனேஸ்வரி தட்டருகே போய் முகத்தைச் சரித்து, யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தாள். விரலால் மெல்லத் தடவினாள். கரி வளையம் இருந்த இடத்தில் பால் சிந்திக் காய்ந்ததுபோல் ஒரு மங்கல். றெஜியும் தடவிப் பார்த்தான். சுத்தமாகத்தான் இருந்தது.

அப்போது அம்பலவாணர் வந்தார். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாத காற்சட்டை. அந்த நகரத்துக்கு ரயிலில் வந்திறங்கிய பாதிப் பேரை நிலையத்தில் நின்று கூட்டிக்கொண்டு போனவர் அவர். குகனேஸ்வரியும் அவர்களில் ஒருத்தி. அவர் தட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பாத்தியே பிள்ளை, ஒரு பொட்டுக் கரி இல்லை. இது தொழில் தெரிஞ்சவன்ரை கை. சிஞோரா கன்ஸோனேரி வீட்டிலை பதினேழு வருசம் முழங்காலிலை நிண்டு மாபிள் துடைச்ச எனக்குத் தெரியாதோ? வீட்டுவேலை செய்து பழகினவன் ஆரெண்டு நான் வாயாலை சொல்லத் தேவையில்லை."

சொல்லாமலே சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் விக்னராஜா வந்தார். பருத்த ஆள், படியேறிய மூச்சு. தட்டைப் பார்த்தவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்தார். பெருவிரலால் ஒருதரம் உரசிவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"சனியன்... ஆர் பாத்த வேலை இது?"

"அடுப்பு எடுத்ததைக் கேக்கிறியளோ அண்ணை?" என்றான் றெஜி.

"அதையுந்தான்" என்றார் விக்னராஜா. பிறகு குகனேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, எனக்கு ஜசிந்தனைப் பிடிக்காது. மேடையிலையும் சொல்லுவன். ஆனா உந்தக் கள்ளன் கதையை என்ரை ஆக்கள் கதைக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன். இருபத்திரண்டு வருசம் இடுப்பிலை திறப்புக் கட்டினவன் நான்."

வெளியே வந்ததும் றெஜி கிசுகிசுத்தான். "கவனிச்சியளோ அக்கா? தன்ரை எதிரிக்காகப் பரிஞ்சு கதைக்கிறார். நடிப்பு! விக்னராஜாதான்."

"காலமை ஜசிந்தன் எண்டாய்."

"அது காலமை."

*

ஜசிந்தனை அவர்கள் லிபெர்த்தாவில், வேலைக்காரர் வயோதிபர்களை வெயில் காயக் கூட்டிவரும் பூங்காவில் கண்டார்கள். இன்று அவனுக்குக் கூட்டிவர யாரும் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் அதே வாங்கில், பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தான்.

"இரும்புக்கடைக்குப் போடச் சொன்னனீரோ?" என்றாள் குகனேஸ்வரி.

"இந்த மூலையிலை கிடந்தால் ஒருநாள் இரும்புக்கடைக்குத்தான் போகும் எண்டனான். அதுக்கு வாலை வெட்டித் தலையை ஒட்டீட்டினம். நான் கேட்டது ஒரு கண்காட்சி அக்கா. அடுப்பு, படங்கள், முதல் வந்த ஆக்களின்ரை கதை. அவை வேலை செய்த வீட்டுச் சிஞோராக்கள் கொஞ்சப் பேர் இன்னும் இருக்கினம். அவையையும் கூப்பிட்டுக் கதைக்க விடுவம் எண்டனான். சிஞோரா கன்ஸோனேரியைக்கூடத் தேடிப் பிடிச்சிட்டன். தொண்ணூறு வயசு, நல்ல ஞாபகம். வாறன் எண்டு சொன்னவ. ஐயா பதினேழு வருசம் வேலை செய்த வீடல்லோ? அவருக்குத்தான் முதல் மரியாதை எண்டு செயற்குழுவிலை நானே அறிவிச்சன்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"ஐயாவுக்குச் சந்தோசமோ?"

"எழும்பிப் போட்டார். எங்கட சரித்திரத்தை வெள்ளைக்காரியிட்டையோ கேக்கிறது எண்டு கத்தினவர். பிறகுதான் அணி இவ்வளவு மோசமா அடிபடத் தொடங்கினது." ஜசிந்தன் தன் இடுப்பை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். "அவை அந்த அடுப்பைச் சுத்தியிருந்த காலத்திலை நான் பிறக்கவே இல்லை. ஆனா பதுங்குகுழிக்குள்ளை இருந்தபோது எங்களுக்கு இஞ்சையிருந்து வந்த காசு அந்த அடுப்பிலை சமைச்சுச் சாப்பிட்டு மிச்சம் பிடிச்ச காசு. அதை நான் ஏன் களவெடுக்கிறன்?"

திரும்பும் வழியில் குகனேஸ்வரி செவ்வாயிலிருந்து நாட்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்தாள். கடை வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "நாளைக்குப் பின்னேரம் மூண்டு பேரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லு. அருளக்காவிட்டையும் போ. 'மினுக்கி முடிஞ்சால் கொண்டு வரட்டாம்' எண்டு சொல்லு."

"எதை?"

"அவவுக்குத் தெரியும்."

*

சனிக்கிழமை பின்னேரம். மாபிள் தட்டின் முன் மூன்று கதிரைகள். அம்பலவாணர் நடுவில், மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருபுறமும். றெஜி கதவடியில் காவல் நின்றான். அப்படி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை.

"அடுப்பை எடுத்தது திறப்பு வைச்சிருக்கிற மூண்டு பேரிலை ஒராள்" என்று தொடங்கினாள் குகனேஸ்வரி. "எடுத்த ஆள் தட்டைத் துடைச்சு, ஜசிந்தன்ரை துணியையும் மடிச்சு வைச்சிட்டுப் போயிருக்கிறார். பாக்கிறவை, வீட்டுவேலைக்காரன்ரை கை எண்டு நினைக்க வேணும். றெஜி நினைச்சவன்."

"நேற்றுக் காலமைதான்" என்றான் றெஜி.

"கரி வளையம் துணிக்குப் போகேல்லை. எடுத்த ஆள் சமையலறையிலை தேசிக்காயை வெட்டித் தேய்ச்சிருக்கிறார். கரி போட்டுது. கூட மாபிளின்ரை மினுக்கமும் போட்டுது. புளிப்புப் பட்டால் மாபிள் பொரிஞ்சுபோகும். பிறகு ஒண்டாலும் மாறாது. விக்னா அண்ணை, நீங்கள் முதல் நாள் உப்பிடிச் செய்தனீங்களோ?"

"செய்யாமல்?" விக்னராஜா சிரித்துவிட்டார். "குளியலறை முழுக்கத் தேய்ச்சன். சிஞோரா மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை."

"நீர், ஜசிந்தன்?"

"புளி. குசினி மேசை. அவ அழுதிட்டா அக்கா."

"நானும் செய்தன். ஊரிலை செம்பு மினுக்கின கை எல்லாம் இஞ்சை வந்து முதல் நாள் செய்த பிழை அது. ஆனா ஒரு தரம் செய்தவை சாகும்வரைக்கும் ரெண்டாம் தரம் செய்யாயினம். அதுதான் நேற்று விக்னா அண்ணை தட்டைப் பாத்தவுடனை பல்லுக் கூசின மாதிரி நிண்டவர். இன்னொராள் அதே தட்டைப் பாத்து, 'தொழில் தெரிஞ்சவன்ரை கை' எண்டு மெச்சினவர்."

அம்பலவாணர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்டும் இல்லாத, ஆரோக்கியமான முழங்கால்கள்.

"தேசிக்காயை விடுங்கோ ஐயா. அதைவிடப் பெரிய பிழை ஒண்டு இருக்கு. எவ்வளவு பகையெண்டாலும் விக்னா அண்ணையின்ரை வாயிலை கள்ளன் எண்ட சொல் வரேல்லை. லிபெர்த்தாத் திறப்பு ஒண்டை இடுப்பிலை கட்டின ஆருக்கும் தெரியும், அந்தச் சொல் அங்கை போனால் என்ன செய்யும் எண்டு. தெரியாத ஆள் ஒரு கிழமைக்கு ஒரு சந்தேகம்தானே எண்டு நினைப்பார். திங்கட்கிழமை அடுப்பைக் 'கண்டுபிடிச்சு'க் குடுத்தால் எல்லாம் சரியாகும் எண்டு நினைப்பார்."

"என்னட்டை இருக்கெண்டு ஆர் சொன்னது?" அம்பலவாணரின் குரல் தலைவரின் குரலாக எழுந்து பாதியில் இருமலாக முடிந்தது.

பதிலுக்குக் கதவு திறந்தது. அருளம்மா இழுக்கும் பையோடு உள்ளே வந்தாள். பைக்குள் கையை விட்டு, இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தாள். அடுப்பு புது மணப்பெண்போல் தகதகத்தது. கூரைத் தேவதைகள் அதன் வயிற்றில் தலைகீழாகப் பறந்தன.

"நாளைக்குக் கட்சிக்கு வேணும், ஆருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள்ளை இருந்து மினுக்கித் தா எண்டார். பழைய மெருகை எடுக்க ஒரு கட்டிப் புளியும் போட்டுது" என்றவள் நாலு முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பிறகு மாபிள் தட்டைப் பார்த்தாள். கிட்டப் போகக்கூட இல்லை. "கடவுளே, உதிலை ஆர் தேசிக்காய் போட்டது?" என்றாள்.

கேட்ட பிறகுதான் கணவனைப் பார்த்தாள்.

"சிஞோரா கன்ஸோனேரி வீட்டிலை வேலை செய்தது நீங்கள்தானே அருளக்கா?" என்றாள் குகனேஸ்வரி, மெதுவாக.

"பதினேழு வருசம். இவர் கீழை வாசலிலை வந்து நிப்பார், கூட்டிக்கொண்டு போக." அருளம்மா கதிரையில் அமர்ந்தாள். "முதல் தரம் மேடையிலை இவர் தான் எண்டு சொல்லேக்கை எனக்குச் சிரிப்பு வந்தது. ஆம்பிளை, விட்டுப் பிடிப்பம் எண்டு இருந்தன். பிறகு வருசா வருசம் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது, நானோ செய்தனான் எண்டு."

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ஆரும் வேலை தரேல்லை பிள்ளை. மூண்டு வீட்டிலை கேட்டன். பொம்பிளையைத்தான் கேட்டினம். ஆம்பிளை வீட்டிலை இருந்து தின்னுறான் எண்டு சொல்லுவினம் எண்டு..." அவர் கண்ணாடியைச் சேட்டு நுனியில் துடைத்தார். "ஜசிந்தன் வெண்டு, அந்த மனுசி வந்து மேடையிலை இவளைக் கட்டிப் பிடிச்சால், என்ரை நாற்பது வருசம் என்ன ஆகிறது?"

"நீங்கள் இருந்து தின்னேல்லை ஐயா. மழையிலை ஸ்ரேசனிலை நிண்டு என்னை இறக்கினது நீங்கள். உங்கட சேட்டைக் கழட்டி என்ரை பிள்ளைக்குப் போத்தினதும் நீங்கள். அதையே மேடையிலை சொல்லியிருக்கலாம். அதுக்கும் கை தட்டியிருப்பம்."

அம்பலவாணர் அழுதார். முதல் எட்டுப் பேரில் மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே பேர்; மற்றவரான விக்னராஜா எழுந்து போய்ச் சமையலறையில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தார். யாருக்கும் முகம் காட்டாமல் செய்வதற்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கவில்லை.

இனிப் பேரம். குகனேஸ்வரி அதற்குப் பிறந்தவள். கூட்டத்தில் தானே சொல்கிறேன் என்றார் அம்பலவாணர். கூட்டம் பிறகு, முதலில் லிபெர்த்தா என்றாள் அவள். கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். கடிதம் படியேறாது என்றாள். திங்கட்கிழமை என்றார். இப்போது, வண்டி வாசலில் நிற்கிறது என்றாள். அவர் திரும்பி நடப்பதுபோல் இரண்டடி வைத்தார். அவள் கூப்பிடவில்லை. அவரே நின்றுவிட்டார்.

"இப்பிடித்தான் அண்டைக்குச் சந்தையிலையும்" என்றாள் அருளம்மா. "இவர் திரும்பி நடந்தார், அவன் கூப்பிடவேயில்லை. பேரம் பேசினது நான். ஒன்பதாயிரம் இல்லைப் பிள்ளை, எட்டரை. மிச்ச ஐந்நூறு மண்ணெண்ணெய்க்கு."

லிபெர்த்தாவில் கதவைத் திறந்த ஜசிந்தனின் சிஞோராவின் முன்னால் அம்பலவாணருக்கு வந்த இத்தாலிய மொழி, நாற்பது வருடத்துக்கும் சேர்த்து, "புவோன்ஜோர்னோ" என்ற வணக்கம் மட்டும்தான். மீதியை அருளம்மா பேசினாள். சமையலறைகளில் கற்ற, சந்தையில் தீட்டிய, அசல் பலெர்மோப் பேச்சு. என்ன சொன்னாள் என்பது றெஜிக்கு முழுக்க விளங்கவில்லை; ஆனால் சிஞோராவின் கை வாயைப் பொத்துவதையும், உள்ளே போய் வருவதையும், திறப்பு ஜசிந்தனின் உள்ளங்கையில் விழுவதையும் பார்த்தான். ஜசிந்தன் விரல்களை மூடிக்கொண்டு நன்றி சொல்லவும் மறந்து நின்றான். அருளம்மா வாசலின் மாபிள் தரையைக் குனிந்து பார்த்தாள்.

"வடிவா வைச்சிருக்கிறீர் தம்பி" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்புக்கு முன் அம்பலவாணர் மேடையேறினார். அடுப்பைத் தானே எடுத்ததாகச் சொன்னார். ஜசிந்தன் அதைத் தொடவில்லை என்று இரண்டு தரம் சொன்னார். பதினேழு வருடத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது முன்வரிசையிலிருந்து அருளம்மா அவரைப் பார்த்தாள். அவர் ஒலிவாங்கியை மேசையில் வைத்தார். இறங்கிவிட்டார்.

எந்த அணியிலும் இல்லாதவள் என்பதால் சீட்டுகளைப் பிரித்து வாசித்தது குகனேஸ்வரி. றெஜி கரும்பலகையில் கோடு போட்டான். விரும்பிய பெயரைக் கையால் எழுதும் முறை அது. கடைசிச் சீட்டு மட்டும்தான் மிச்சம் என்னும்போது ஜசிந்தன் ஒரு வாக்கால் முன்னால் நின்றான். விக்னராஜா என்றால் சமன். மறுபடி முதலிலிருந்து சண்டை.

குகனேஸ்வரி சீட்டைப் பிரித்தாள். நடுங்கும் பழைய கையெழுத்து. வருடக்கணக்காக ஒன்றியத்தின் அறிவிப்பெல்லாம் எழுதித் தலைவர் என்று ஒப்பமிட்ட கையெழுத்து. அதில் "அருளம்மா" என்றிருந்தது.

"அவ போட்டியிலையே இல்லையே அக்கா" என்றான் றெஜி. "இது செல்லாது."

"செல்லாது எண்டே எழுது. ஆனா எறியாதை."

றெஜி பலகையைக் கூட்டி முடித்தான். ஜசிந்தன், ஐம்பத்தெட்டு. விக்னராஜா, ஐம்பத்தேழு. செல்லாதது, ஒன்று. குகனேஸ்வரி அந்தச் சீட்டை மடித்து அடுப்பின் கீழே, பொரிந்துபோன மாபிளின் மேல் வைத்தாள். கடைக் கணக்கில் எழுதினால், அம்பலவாணரின் பேரில் பற்று, அருளம்மாவின் பதினேழு வருடம். வரவு, ஒரு வாக்கு. மிச்சம் நிலுவை.